ஹோண்டாவை ஏன் விற்கிறேன் என்று கேட்ட அப்பாவுக்கு

அபர்தீன், ஸ்காட்லாந்து,
12 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கணேசன் எழுதுவது. நான் நலம். அங்கே அம்மா, அப்பத்தா, செல்வி எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாதது என் தப்பு. மன்னிக்கணும்.

இங்கே இப்போது மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஞாயிறு தவறாமல் ஹோஸ் பிடித்து காரின் அடிப்பக்கத்தை மட்டும் கழுவுகிறார். மேல்பக்கம் எவ்வளவு அழுக்கானாலும் தொடமாட்டார். அவர் செய்வதுதான் சரி. இந்த ஊரில் எஞ்சின் போய்ச் சாகிற வண்டியை விட அடித்தகடு துருப்பிடித்துச் சாகிற வண்டிதான் அதிகம்.

"நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றுகிற எஞ்சினை எவனாவது விற்பானா" என்று எழுதியிருந்தீர்கள். என் ஹோண்டா எஸ்2000 எஞ்சினில் குறையே இல்லை. டர்போ இல்லாமல் இரண்டு லிட்டரில் 240 குதிரைத்திறன். ஆனால் 2009-ஓடு ஹோண்டா அந்த வண்டியை நிறுத்திவிட்டது, பாகங்கள் விலை ஏறிக்கொண்டே போகிறது. வரியும் அப்படித்தான். இங்கே 2017 மார்ச் வரை பதிவான இந்த மாதிரி வண்டிக்கு, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுகிறது என்று பார்த்து வரி போடுகிறார்கள். 225 கிராமுக்கு மேலே போகிற வண்டி 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. பிறகு பதிவானால் மேல்படி வரி. என்னுடையது 2007. அதனால்தான் விற்கிறேன், வேறொன்றுமில்லை. குளிர்காலத்தில் திறந்த வண்டிக்குக் கிராக்கி குறைவு என்பது உண்மைதான். ஆனால் எஸ்2000 தேடி வருகிறவர்கள் மாதம் பார்ப்பதில்லை. இதை விற்று வேறொரு பழைய திறந்த வண்டி வாங்கப்போகிறேன்; வாங்குகிற எனக்கோ இதுதான் நல்ல சமயம்.

பிரபு போர்ஷே பாக்ஸ்டரைப் பார்க்கச் சொன்னான். 2008 வரை வந்தவற்றில் எஞ்சினுக்குள் ஒரு இடைத்தண்டு உண்டு. அதன் முனையிலுள்ள பேரிங் உடைந்தால் டைமிங் தவறி, வால்வு பிஸ்டனில் இடித்து, மொத்த எஞ்சினும் போய்விடும். 2005 வரை வந்ததில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு பேரிங் பெரிது, அவ்வளவு சீக்கிரம் உடையாது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிளக்கணும். 2009 முதல் அந்தத் தண்டே கிடையாது, ஆனால் அதை இப்போது பார்க்கவில்லை. டொயோட்டா எம்ஆர்2 கடைசி மாடலில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே இருக்கிற, புகையைச் சுத்திகரிக்கும் சின்ன கேட்டலிஸ்ட்கள் நொறுங்கி, அந்தத் தூள் சிலிண்டருக்குள் போய் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆக, மாஸ்டா எம்எக்ஸ்-5. மூன்றாம் தலைமுறை, 2005 முதல் 2015 வரை வந்தது. இரண்டு லிட்டர், 160 குதிரைத்திறன், ஆறு கியர். 2009-இல் ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) கிராங்க் தண்டு வைத்து 7,500 சுற்று வரை ஏற்றினார்கள். அது கிடைத்தால் நல்லது. ஆனால் அடித்தகடு கெட்ட 2010 வண்டியை விட, அடி சுத்தமாக இருக்கிற 2007 வண்டிதான் எனக்கு வேண்டும்.

நம்மூர் எஃப்.சி. மாதிரி இங்கே மூன்று வருடம் ஆன வண்டிக்கு ஆண்டுதோறும் எம்ஓடி சோதனை. பதிவு எண்ணைப் போட்டால் பழைய சோதனை முடிவெல்லாம் அரசு இணையதளத்தில் காசில்லாமல் வந்துவிடும்: எத்தனை மைல் ஓடியது, எங்கே துரு. ஒரு வருடம் "துரு" என்று எழுதி அடுத்த வருடம் ஒன்றுமே எழுதவில்லை என்றால், வெல்டிங் செய்த பில்லைக் கேட்கணும். பில் இல்லாமல் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் மட்டும் பூசியிருந்தால் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

எம்எக்ஸ்-5-இல் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் இறங்கும் துளை இருக்கிறது. இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு உள்ளிருந்தே அரித்துவிடும். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் சொட்டணும். சொட்டவில்லையென்றால் கார்பெட்டுக்கு அடியில் கைவிட்டு ஈரம் பார்க்கணும். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மில், சக்கரக் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட் போல்ட் புஷ்ஷோடு துருவேறி ஜாம் ஆகியிருக்கும்; அறுத்துத்தான் எடுக்க முடியும். சமீபத்தில் அலைன்மென்ட் செய்த பிரிண்ட் இருந்தால் போல்ட் நகர்கிறது என்று நம்பலாம். பின் பிரேக் கேலிப்பரில் ஹேண்ட்பிரேக்கும் இறுகிக்கொள்ளும். பத்து மைல் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின்சக்கரத்துக்கும் பக்கத்தில் கை வைத்தால் எது கூடுதல் சூடு என்று தெரிந்துவிடும். எஞ்சினை நான் வருமுன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடணும். குளிர்ந்த எஞ்சினில் வருகிற சத்தம்தான் உண்மையான சத்தம்.

இன்னொன்று, நம் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் எழுதியிருக்கும் அல்லவா, இங்கத்திய பதிவுச் சான்றான வி5சி-யில் கடன் விவரம் இருக்காது. தனியாகப் பணம் கட்டித் தேடணும். வரியும் வண்டியோடு வராது. 2014 அக்டோபரிலிருந்து வாங்குகிறவர் புதிதாகக் கட்டித்தான் ரோட்டில் எடுக்கணும்.

தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்கிறேன், நீங்கள் காட்டிக்கொடுத்த மாதிரியே. நல்ல தகடு கணீரென்று கேட்கும், பட்டி வைத்த இடம் மொத்தென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் சிங்காநல்லூர்ப் பட்டறைதான், அப்பா. நாலு மணிக்கு அம்மா கொண்டுவருகிற டீ, பெயின்ட் தின்னர் வாசம், டிங்கரிங் சத்தத்தில் நீங்கள் சத்தம்போட்டுக் கூப்பிடுவது. இங்கே நாலு மணிக்கு இருட்டு.

செல்வி கல்யாணத்துக்கு நான் சொன்ன தொகை தை பிறந்ததும் வந்துவிடும்; மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். அம்மா முட்டிவலிக்கு டாக்டரிடம் போனார்களா என்று செல்வியை எழுதச் சொல்லுங்கள். ராசு மாமா கேட்கிற வழித்தடம் விஷயத்தில் சர்வேயரை வைத்து, புல வரைபடத்தோடு அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிணற்று மேட்டோரம் இருக்கிற கல் பழைய கல்தானா என்று சின்னப்பண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

தங்கள் அன்பு மகன்,
கணேசன்