கணினியின் தூசும் ரெம்பிராண்டின் வெளிச்சமும்: ஓவியக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓவிய, சிற்பக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், ஆய்வகக் கொள்முதலையும் பராமரிப்பையும் முடிவுசெய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஆசிரியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் மாணவர்களில் எவரும் ஆம்ஸ்டர்டாமுக்கோ மிலானுக்கோ போய் வந்தவர்கள் அல்லர். டச்சு ஓவியர்களான ரெம்பிராண்டும் வெர்மீரும் வான் கோவும் அவர்களுக்கு அறிமுகமாவது ஆய்வகத்து மேசைக் கணினியின் திரையில்தான். ஆகவே அக்கணினிகளைப் பராமரிக்கும் வேலையை, பழுது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தின் பொறுப்பில் விட்டுவிடாமல், கற்பித்தலின் ஒரு பகுதியாகவே கருதி அதற்கென நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இக்கோரிக்கைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற கல்வியாண்டின் உள்தேர்வில், வெர்மீர் ஏறத்தாழ 1665இல் வரைந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் நிற அமைப்பை விவரிக்கக் கேட்டிருந்தேன். அந்தப் பெண்ணின் தலைத்துணி சாம்பல் பூத்த பச்சை என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். இத்தனை பேர் ஒரே தவற்றைச் செய்வது கவனக்குறைவாக இருக்க முடியாது என்று தோன்றியதால், அவர்கள் படித்த ஆய்வகத்துக்குச் சென்று பார்த்தேன். அங்கே ஒரு வரிசை முழுவதிலும், கண்கூச்சத்தைக் குறைப்பதற்கான ‘நைட் லைட்’ வசதி பட்டப்பகலிலும் இயங்கிக்கொண்டிருந்தது. திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சள் சாயலைக் கூட்டுவதே அதன் வேலை. வெர்மீர் அந்தத் தலைத்துணிக்குப் பூசிய நீலமோ, ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துப் பிரித்த அல்ட்ராமரைன். அக்காலத்தின் மிக விலை உயர்ந்த நிறமிகளுள் ஒன்று. அதை ஒரு தலைத்துணிக்குத் தாராளமாகச் செலவிட்ட ஓவியரைப் பற்றி நான் வகுப்பில் அரை மணி நேரம் பேசியிருந்தேன். ஆசிரியர் சொன்னதற்கும் தாங்கள் கண்டதற்கும் இடையில் மாணவர்கள் கண்டதையே எழுதியிருக்கிறார்கள். ஓவியம் பயில்பவர்கள் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் அந்த விடைக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

அதே ஓவியத்தில் இன்று வெறும் இருட்டாகத் தெரியும் பின்னணி, வரைந்த காலத்தில் பச்சைத் திரைச்சீலையாக இருந்தது என்பதை, தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் 2018இல் தொடங்கிய ஆய்வு வெளிப்படுத்தியது. வான் கோ 1888இல் ஆர்ல் நகரில் வரைந்த படுக்கையறையின் நீலச் சுவர்களும் முதலில் ஊதா நிறம் கொண்டவை. அந்த ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி வெளிறியதால் நீலம் மட்டும் எஞ்சியது. காலம் செய்த மாற்றங்களைப் பிரித்தறியவே அறிஞர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்போது, அவற்றின்மேல் நம் திரையின் பிழையையும் ஏற்றிவைத்தால் மாணவர்கள் எதைக் கொண்டு எதைப் பிரித்தறிவார்கள்?

திரையைச் சீர்செய்யப் பெரும் செலவு தேவையில்லை. நைட் லைட்டையும், நிறங்களை மிகையாக்கிக் காட்டும் ‘விவிட்’ போன்ற அமைப்புகளையும் நிறுத்திவிட்டு, மானிட்டரின் பட்டியலில் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறத்தர அமைப்பு இருந்தால் அதையும், இல்லையெனில் 6500 கெல்வின் நிற வெப்பநிலையையும் தேர்ந்தெடுக்கலாம். நிறத்தை ஆராயும் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே திரைகளை இயக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஒளி நிலைபெறும். சன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழாதபடி மேசைகளைத் திருப்பிப் போட வேண்டும். நிறத்தை அளந்து திருத்தும் கருவி ஒன்றைக் கல்லூரி வாங்கினால், அதையே ஒவ்வொரு திரைக்கும் மாற்றி மாற்றி வைத்து மாதம் ஒருமுறை சரிபார்க்கலாம். திரைகளின் ஒளி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வருவதால் இதை ஒருமுறை செய்து முடித்துவிட முடியாது.

மாசு ஓர் ஓவியத்தின் பெயரையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் உள்ள மிகப் பெரிய சான்று, ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’. கேப்டன் ஃப்ரான்ஸ் பானிங் காக்கின் தலைமையில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஊர்க்காவல் படை புறப்படும் காட்சி அது. அதில் இரவு என்பதே கிடையாது. மேலே பூசிய வார்னிஷ் பழுத்துக் கறுத்து, புகையும் அழுக்கும் அதன்மேல் படிந்து, காட்சி இருண்டுபோன பிறகே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில், அதற்கு இந்தப் பெயர் ஏற்பட்டது. 1940களில் அந்தக் கறுத்த வார்னிஷை அகற்றியபோது பகல் வெளிச்சம் மீண்டும் தெரிந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் எழும் வியப்பை நான் மிகவும் விரும்புகிறேன். அந்த வியப்புக்குப் பின்னால், படத்தின் நடுவில் நிற்கும் துணைத்தலைவரின் வெளிர்மஞ்சள் உடை திரையில் உண்மையாகவே ஒளிர வேண்டும். மங்கிய திரையில் அவர்கள் பார்ப்பது பழைய ‘இரவு’தான்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022 சனவரியில் இந்த ஓவியத்தின் படிமம் ஒன்றை எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதில் 71,700 கோடிப் புள்ளிகள் (பிக்சல்கள்) உள்ளன. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.005 மில்லிமீட்டர். நம் ஆய்வகத்தின் சாதாரணத் திரை ஒரே நேரத்தில் காட்டுவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளை மட்டுமே என்பதால், முழு ஓவியத்தையும் அந்த நுணுக்கத்தில் விரித்துக் காட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகள் வேண்டும். ஆயினும் நாம் பார்க்கும் பகுதியை மட்டும் துண்டு துண்டாக இறக்கிக் காட்டுவதால், எளிய கணினியிலும் தூரிகையின் மயிர்த்தடத்தைக் காண முடிகிறது. அருங்காட்சியகத்துக்கு நேரில் சென்றவரும் கயிற்றுக்கு இப்பால் நின்று இவ்வளவு அருகில் பார்க்க இயலாது.

சென்ற ஏப்ரலில் இந்தப் படிமத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கேப்டனின் கண்ணை நெருங்கும் முன்பே கணினி திணறி அணைந்தது. பக்கத்துக் கணினியிலும் அதுவே நடந்தது. இயந்திரங்கள் பழசாகிவிட்டன என்று முடிவுகட்டிப் புதியவற்றுக்கான கருத்துரு அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆய்வக உதவியாளரும் நானும் ஒரு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் அடைத்திருந்தது; விரலால் உரித்தபோது கிழியாமல் முழுதாகக் கையோடு வந்தது. கரிக்கோல் பொடியால் கன்னங்கரேலென்று இருந்த அதில், சிற்பக் கூடத்திலிருந்து வந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெள்ளை இழைகளாக ஓடியிருந்தது. ஓர் ஓரத்தில் பேஸ்டல் நீலம். காற்றுப் போக வழியில்லாமல் வெந்துபோன பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளவே வேகத்தைக் குறைத்து, பின் அணைந்திருக்கிறது. தூசை நீக்கி, பிராசசரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும், காய்ந்து பொரிந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் அதே இயந்திரங்கள் அந்தப் படிமத்தைத் தடையின்றிக் காட்டின.

மற்ற அலுவலகங்களைவிட நம் கல்லூரிகளில் இந்த வேலை அடிக்கடி தேவைப்படுகிறது. பென்சிலின் கிராஃபைட் பொடி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டின்மேல் அது படிவது வெறும் அழுக்கைவிடக் கேடானது. ஆகவே பருவத்துக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு சிபியுவையும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டு, வராந்தாவுக்கு எடுத்துச் சென்று புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயை உள்ளே விடக்கூடாது; அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எவரும் திறக்கக் கூடாது; இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். தெர்மல் பேஸ்ட்டை மாற்றும்போது பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, புதியதைத் துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும்.

ஆய்வகத்தின் இடமும் முக்கியம். லியொனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை மிலானில் வரைந்த ‘இறுதி விருந்து’, ஈரச் சுண்ணத்தில் வரையாமல் உலர்ந்த சுவரில் வரைந்ததால் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது. 1978இல் தொடங்கி 1999 வரை அதைச் செப்பனிட்ட பிறகு, தூசும் ஈரமும் உள்ளே நுழையாதபடி இடைக்கூடங்கள் வழியாகவே பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக அனுப்புகிறார்கள். நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. சிற்பக் கூடத்துக்கு அடுத்த அறையில் கணினிகளை வைக்காமல் இருப்பதும், சிபியுக்களைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், வாசலில் ஒரு மிதியடி போடுவதும் நம்மால் இயலும்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறான பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் போர்ஹா ஊர்த் தேவாலயத்தில் இருந்த கிறிஸ்துவின் சுவரோவியத்தை 2012இல் பக்தர் ஒருவர் தாமே புதுப்பிக்க முயன்று, முகமே அடையாளம் தெரியாமல் போனது. அவருக்கு இருந்த அன்பை நான் ஐயப்படவில்லை, பயிற்சிதான் இல்லை. எங்கள் ஆய்வகத்திலும் திரைகள் பளபளக்க வேண்டும் என்ற அக்கறையில், துப்புரவுப் பணியாளர் ஒருவர் கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரைமீது தெளித்தார். அது கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கி இரண்டு மானிட்டர்கள் பாழாயின. மென்மையான துணியைச் சிறிதளவு தூய நீரில் நனைத்து, அணைத்த திரையை மெல்லத் துடைக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அது நிர்வாகத்தின் குறை, அவருடையதன்று.

சிறு விஷயங்கள் சிலவும் உண்டு. கணினியின் தேதி தானாகப் பின்னோக்கிப் போய், அருங்காட்சியகத் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தால், இணையத்தைக் குறைசொல்லும் முன் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரியையும் எர்த் இணைப்பையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

படிமங்களின் நகல் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு ஓவியர் குர்பே 1849இல் வரைந்த ‘கல் உடைப்போர்’ இல்லாமல் யதார்த்தவாத ஓவியத்தைக் கற்பிக்க இயலாது. அந்த ஓவியமோ 1945இல் டிரெஸ்டன் நகரையொட்டி நடந்த குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. அதைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் எஞ்சியிருக்கும் படிமங்களைக் கொண்டுதான். நம் துறைகள் பல ஆண்டுகளாகச் சேர்த்த படிமத் தொகுப்புகளும் மாணவர்களின் இறுதியாண்டுப் படைப்புகளும் பல இடங்களில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. மூன்று நகல்கள், இருவகைச் சேமிப்புகளில், அவற்றுள் ஒன்று கல்லூரி வளாகத்துக்கு வெளியே என்ற நடைமுறையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

இப்போதுள்ள ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை, புகார் கொடுத்தால் ஆள் வந்து பார்ப்பதோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் பருவத்துக்கு ஒருமுறை உட்புறத் தூய்மை, திரைகளின் நிறச் சரிபார்ப்பு ஆகிய இரண்டையும் எழுத்தில் சேர்க்க வேண்டுகிறேன். ஓவியங்களைச் செப்பனிடுவோர் தொடுவதற்கு முன்பும் பின்பும் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்வது போல, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும்; அதில் கையொப்பமிடுவோருள் ஓவிய வரலாற்று ஆசிரியரும் ஒருவராக இருக்கட்டும். எங்கள் ஆய்வகத்துக்கு அத்தகைய பதிவேடு ஒன்றை இந்தக் கோடை விடுமுறையில் தொடங்கியிருக்கிறேன். அதன் படிவம் தேவைப்படும் கல்லூரிகளுக்குத் தரவும், ஆய்வக உதவியாளர்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் நேரில் செய்துகாட்டவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய வரலாற்று ஆசிரியர்