காட்லா மலையடியிலிருந்து அப்பத்தாவுக்கு

வீக், ஐஸ்லாந்து
டிசம்பர் 14

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல், வாங்கி வருவான்.

போன வாரம் போனில், "அந்த ஊரில் முனி, பிசாசு எல்லாம் உண்டா? ராத்திரி தனியாகப் போகாதே" என்றாய். அப்போது சமையலறையில் வேலை குவிந்து கிடந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை இது. தம்பி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

உண்டு அப்பத்தா. நிறையவே உண்டு.

ராத்திரி போகாதே என்றால் இங்கே வேலைக்கே போக முடியாது. இந்த மாதத்தில் சூரியன் ஐந்து மணி நேரம்கூட இருப்பதில்லை. காலை பதினொரு மணி வாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குள் போய்விடும். மற்ற நேரமெல்லாம் இருட்டு, காற்று, கடல் சத்தம். வீக் சின்ன ஊர். மலைக்கும் கடலுக்கும் நடுவே சில நூறு பேர்தான் இருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் என்னைப் போல வேலைக்கு வந்தவர்கள். போலந்துக்காரர்கள்தான் அதிகம்.

கடற்கரை மணல் கரிய நிறம், எல்லாம் எரிமலைக் கல் பொடிந்த மணல். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் பெரிய பாறைகள் ஊசி ஊசியாக நிற்கும். ரேனிஸ்த்ராங்கர் என்று பெயர். 66 மீட்டர் உயரம் என்கிறார்கள். அவை ஒரு காலத்தில் துரோல்களாம். துரோல் என்றால் மலைக்குள் வாழும் பூதம். வெயில் பட்டால் கல்லாகிவிடும். ராத்திரியில் மூன்று பாய்மரம் வைத்த ஒரு கப்பலைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தன. கரை சேர்வதற்குள் விடிந்துவிட்டது. கப்பலும் பூதங்களும் அப்படியே கல்லாய் நின்றுவிட்டன.

இதைக் கேட்டுவிட்டு அந்தக் கரையில் நின்று பார்க்க வேண்டும். அங்கே அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஒரு அலையை மேலே ஏற்றி, ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். சுற்றுலா வந்தவர்கள் அப்படிச் செத்திருக்கிறார்கள். இப்போது எச்சரிக்கை விளக்குப் போட்டிருக்கிறார்கள். விளக்கெல்லாம் இல்லாத காலத்தில், இழுத்துப் போகும் ஒன்று இங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க அந்தப் பாறைகள் போதும். பயப்படாதே, நான் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது காட்லாவின் கதை. ஊருக்குப் பின்னால் பெரிய பனிப்படலம் மூடிய மலை இருக்கிறது. அந்தப் பனிக்கு அடியில் ஒரு எரிமலை. அதன் பெயர் காட்லா. எங்கள் ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு பெரியம்மா இந்தக் கதையைச் சொன்னார். அவரும் இந்தப் பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர்தான்.

முன்பு இங்கே ஒரு துறவி மடம் இருந்தது. அங்கே காட்லா என்று ஒருத்தி வீட்டு வேலைகளையெல்லாம் பார்த்துவந்தாள். மந்திரம் தெரிந்தவள். அவளிடம் ஒரு கால்சட்டை இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு தூரம் ஓடினாலும் களைப்பு வராது. அவளும் அவசரத்துக்கு மட்டும்தான் எடுப்பாள். மடத்தில் பார்தி என்று ஒரு இடையன். ஒரு இலையுதிர் காலத்தில் மடத்துத் தலைவரும் காட்லாவும் விருந்துக்குக் கிளம்பினார்கள். திரும்பி வருவதற்குள் மேய்ச்சலில் இருக்கும் ஆடுகளையெல்லாம் சேர்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. அவன் தேடித் தேடிப் பார்த்தான், ஆடுகள் அகப்படவில்லை. அவள் கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினான். ஒரு ஆடு விடாமல் சேர்த்துவிட்டான்.

காட்லா வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். வாசலருகே புளித்த மோர்த்தண்ணீர் ஊற்றிவைக்கும் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அவனை அதில் அமுக்கிக் கொன்று உள்ளேயே விட்டுவிட்டாள். பையன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க மடத்தில் அந்த மோரை எடுத்து எடுத்துக் குடிக்கிறார்கள். மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது. "இன்னும் கொஞ்ச நாளில் பார்தி தெரிவான்" என்று அவள் தனக்குள் முணுமுணுப்பதை மற்றவர்கள் கேட்டார்கள். கடைசியில், இனி மறைக்க முடியாது என்றானதும், அந்தக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு பனிமலைக்கு ஓடி அதன் பிளவுக்குள் குதித்துவிட்டாள். உடனே மலையிலிருந்து வெள்ளம் புறப்பட்டு மடத்தை நோக்கி வந்தது.

அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. சொன்ன வேலையை முடித்தவன் அவன்.

அந்த வெள்ளம் வெறும் கதை இல்லை. காட்லா வெடித்தால் மேலே இருக்கும் பனி உருகி, பாறை பாறையாகப் பனிக்கட்டியை அடித்துக்கொண்டு கிழக்கே இருக்கும் மணல்வெளி முழுக்கப் பாயும். கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918 அக்டோபர் 12. அன்றைக்கும் அந்த மடம் இருந்த ஆல்ஃப்தாவேர் பகுதி ஆட்கள் ஆடு சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளம் பின்னால் வரக் குதிரையில் தப்பி ஓடினார்கள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலில் கடற்கரையே தள்ளிப் போய்விட்டது. நூறு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் பெரிதாக வெடிக்கவில்லை. மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது, மூடிக் கிடப்பது ஒரு நாள் வெளியே தெரியும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்கள் சொன்னது இந்த மலையைத்தான் என்று நான் நினைக்கிறேன். விஞ்ஞானிகள் கருவி வைத்து மலையைக் கவனிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று, போனில் எச்சரிக்கைச் செய்தி வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்கு ஏறு என்பது. கதையைக் கேட்ட பிறகுதான் அது எனக்கு மனசில் பதிந்தது.

இப்போது இங்கே கிறிஸ்துமஸ் நேரம். மலையில் க்ரீலா என்ற பூதக்காரி இருக்கிறாள், அடங்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்ச் சமைத்துத் தின்பாள். அவளுக்கு 13 பிள்ளைகள். டிசம்பர் 12 தொடங்கி ஒருநாளைக்கு ஒருவனாக ஊருக்குள் இறங்குவார்கள். ஒருவன் கரண்டியை நக்குவான், ஒருவன் கதவைப் படாரென்று சாத்துவான், ஒருவன் கறியைத் திருடுவான், ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். பிள்ளைகள் ஜன்னலில் காலணியை வைத்துவிட்டுத் தூங்குவார்கள். நல்ல பிள்ளைக்குப் பரிசு, அடங்காத பிள்ளைக்கு உருளைக்கிழங்கு. முன்பெல்லாம் ரொம்பப் பயங்கரமாகச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 1746-இல், டென்மார்க் ராஜா இந்த நாட்டை ஆண்டபோது, இப்படிப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று சட்டமே போட்டார்களாம். க்ரீலா வீட்டுப் பூனை வேறு இருக்கிறது. பண்டிகைக்குப் புதுத் துணி கிடைக்காதவர்களை அது தின்றுவிடும். ஆட்டு ரோமம் நூற்று நெய்யும் வேலையைக் குளிர்காலத்துக்குள் முடிக்கவைக்கத்தான் அந்தப் பூனை என்கிறார்கள். சரியான துணி இல்லாமல் இந்தக் குளிரில் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

இந்த நாட்டுக்குக் காவலும் உண்டு. நம் கருப்பசாமி ஊர் எல்லையில் நிற்கிற மாதிரி இங்கே திசைக்கு ஒன்றாக நாலு பேர். ஸ்னோரி ஸ்துர்லுசன் என்பவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். டென்மார்க் ராஜா ஒரு மந்திரவாதியைத் திமிங்கில உருவத்தில் வேவு பார்க்க அனுப்பினான். கிழக்கே ஒரு டிராகன் விஷம் கக்கிக்கொண்டு வந்தது. வடக்கே பெரிய பறவை, அதன் சிறகுகள் இரண்டு பக்கத்து மலையையும் தொட்டன. மேற்கே ஒரு காளை கடலுக்குள் இறங்கி முழங்கியது. தெற்கே, அதாவது எங்கள் பக்கம், மலையைவிட உயரமான ஒரு பூதம் இரும்புத் தடியோடு நின்றது. திமிங்கிலம் திரும்பிப் போய்விட்டது. இந்த நாலு பேரும் நாட்டுச் சின்னத்திலேயே இருக்கிறார்கள். காசிலும் உண்டு. கடிதத்தோடு ஒரு காசு வைத்திருக்கிறேன், அதில் இருப்பவர்தான் தெற்குப் பூதம். பழைய சட்டம் ஒன்றும் உண்டு. கப்பலின் முகப்பில் டிராகன் தலை செதுக்கியிருந்தால், கரை தெரிவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இந்த மண்ணின் காவல் தெய்வங்கள் அதைப் பார்த்து மிரளக் கூடாதாம். வெளியூரிலிருந்து வருகிறவன் எப்படி வர வேண்டும் என்று இவ்வளவு அழகாகச் சொன்ன சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

பாறைக்குள் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத மக்களைப் பற்றியும் சொல்வார்கள். கோபவோகுர் என்ற ஊரில் அவர்கள் இருக்கும் மேட்டுக்கு மரியாதை கொடுத்துச் சாலையையே ஒடுக்கியிருக்கிறார்கள். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

துணி வெளுக்கும் பெரியம்மா, "உங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ சின்ன வயதில் சொன்ன கண்மாய்க்கரை முனி கதை எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. சுருட்டு கேட்ட பிறகு அந்த வண்டிக்காரர் என்ன செய்தார்? நீ சொல்லச் சொல்லத் தம்பியைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல். அவசரப்படாமல், நீ வழக்கமாகச் சொல்கிற மாதிரியே முழுதாகச் சொல். நான் ஒவ்வொரு வரியாக அவருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

அப்பாவிடம் பணம் அடுத்த வாரம் வரும் என்று சொல். உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன், மார்கழிக்குள் வந்து சேர வேண்டும்.

உன் பேரன்,
முத்து