ஞாயிறு கூடல்: கார்னகி ஹால் அஞ்சலட்டை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, மே 5, மாலை 4 மணிக்கு வழக்கமான நூலக அறையில் கூடுகிறோம். 1891இல் இதே தேதியில்தான் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கமான கார்னகி ஹால் திறந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியே வந்து இசைக்குழுவை நடத்தினார். 1960இல் இடிபட இருந்ததை வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று காப்பாற்றினார். நூற்றாண்டுக்காக 1991இல் வந்த 19 சென்ட் அஞ்சலட்டைதான் இம்முறை பேச்சு.

1. அட்டை வைத்திருப்பவர்கள் உறையோடு கொண்டு வாருங்கள். தபால்தலை அட்டையிலேயே அச்சானது. யாரும் வெட்டி எடுத்துவிடாதீர்கள்!
2. எம்.எஸ். 1977இல் அங்கே பாடியிருக்கிறார். 2005இல் வந்த அவருடைய தபால்தலை இருந்தால் அதுவும்.
3. பிள்ளைகள் வரலாம். காபி மட்டும் வெளியே.
4. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். தனிச்செய்தி வேண்டாம், தேடி மாளவில்லை.