திருமயிலையில் இறங்கி எந்தப் பக்கம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். மயிலாப்பூர் பக்கம் குடியிருக்கிறோம், அதனால் சுரங்க வேலைக்காகத் தெருக்களைத் திருப்பிவிட்ட நாளிலிருந்து எங்களுக்கு இது வீட்டுப் பேச்சு. எந்த வழித்தடம் எங்கே போகிறது, எத்தனை நிலையங்கள் என்றெல்லாம் கட்டுரையில் விவரமாக இருந்தது. ரயிலை விட்டு இறங்கியவர் அப்புறம் எப்படிப் போவார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. மாதம் ஒரு தடவை தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போவார், துணைக்கு நான். தூண்கள்மேல் உயரத்தில் ஓடும் பறக்கும் ரயில் எங்களுக்குப் பக்கம்தான். கடற்கரை வரை போய் அங்கே தாம்பரம் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். கோட்டையிலேயே மாறலாம், ஆனால் பீச்சில் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் ஒரு ஹோட்டல் காபி விலைகூட வராது. கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான வண்டி வேறு எத்தனை ஊரில் இருக்கிறது?

அப்படியிருந்தும் பாதி நாள் ஆட்டோ பிடித்துத்தான் போகிறோம். பஸ் நிற்கும் இடத்துக்கும் நிலைய வாசலுக்கும் நடுவில் நடைபாதை இல்லை. இருக்கிற கொஞ்சம் இடத்தையும் டூவீலர்கள் அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் இரண்டு மூன்று மாடி உயரத்துக்குப் படி. எஸ்கலேட்டர் உண்டு, நாங்கள் போகும் நாட்களில் அது பெரும்பாலும் நின்றிருக்கும். போன கார்த்திகையில் ஒரு மழை நாள். அம்மா பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். எங்கள் வண்டி வந்து கிளம்பிப் போகும் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. "நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துடும்மா" என்றார். நானும் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

எங்களுக்காவது ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருக்கிறது. எங்கள் பகுதியில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் பலர் பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் வருகிறார்கள். ஒரு காலத்தில் நகரத்துக்குள்ளேயே குடிசையில் இருந்தவர்கள் பலரை அங்கேதான் குடியேற்றினார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம். அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலில் அந்த பஸ் ஊர்ந்து வருகிறது. பறக்கும் ரயிலில் வந்தால் சீக்கிரம் வரலாமே என்று ஒருவரிடம் கேட்டேன். "ரயிலு எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம்?" என்றார். பெருங்குடி நிலையத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பேர்தான் பெருங்குடி. பெரிய சாலை அங்கிருந்து, ஒரு நாள் வேலைக்கு முன்னால் நடந்து கடக்கிற தூரத்தில் இல்லை.

கிளாம்பாக்கத்திலும் இதைத்தான் பார்த்தோம். 2023 டிசம்பர் கடைசியில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். மின்சார ரயில் தடம் ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே வண்டி நிற்க ஒரு நிலையம் கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு பட்ட பாட்டைப் பத்திரிகைகள் அப்போது எழுதின. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் போட்டால் மின்சார ரயிலும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே இடத்தில் சேரும் என்பதுதான் திட்டம். ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் அந்த வேலை வருடக்கணக்காக நின்றது.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. முதல் வாரமே இறக்கிக்கொண்டேன், இன்றும் அதில்தான் டிக்கெட் எடுக்கிறேன். தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வந்திருப்பதில் அம்மாவுக்குக் கொள்ளை சந்தோஷம். பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் கும்டா அமைப்புக்குச் சட்டம் 2010-லேயே வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். தாமதம்தான், சரி. இப்போதாவது அவர்கள் பஸ் நிறுத்தத்தையும் நிலைய வாசலையும் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் எங்கள் மயிலாப்பூரின் திருமயிலை நிலையம். மாதவரம் – சிறுசேரி தடமும், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி தடமும் அங்கே பூமிக்கு அடியில் சந்திக்கப் போகின்றன. சென்னையின் மிக ஆழமான நிலையங்களில் அது ஒன்று. தலைக்கு மேலே பறக்கும் ரயில். இரண்டுக்கும் நடுவே லஸ் முனையும் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளும், அங்கே பங்குனி உற்சவத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆழத்திலிருந்து ஒருவர் சாலைக்கு ஏறி வந்து, சாலையைக் கடந்து, மறுபடி படியேறித்தான் பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கட்டிவிடாதீர்கள். இறங்கிய வாசலிலேயே பஸ் நிற்கட்டும். 2013-ல் உட்புறத் தெருக்களுக்காகச் சிற்றுந்து விட்டார்களே, அந்த மாதிரி வண்டிகள் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போகட்டும். ராத்திரி 9 மணிக்கு மேல் தனியாக வரும் பெண்ணுக்கு வாசலில் வெளிச்சமும் ஒரு காவலரும் வேண்டும்.

கட்டி முடித்த பிறகு இதையெல்லாம் கேட்டால் இடம் இல்லை என்பார்கள். வேலை நடக்கும்போதே கேட்க வேண்டும். திருமயிலை நிலையத்துக்கு எத்தனை வாசல், ஒவ்வொன்றும் எந்தத் தெருவில் திறக்கிறது, பஸ் எங்கே நிற்கும், பறக்கும் ரயிலுக்கு எந்த வழி என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு வாங்கி, வரைபடத்தோடு ஒரு பக்கம் வெளியிடுவாரா? வெளியிட்டால், அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு அந்த வரைபடத்தைப் பார்த்து அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
மயிலாப்பூர், சென்னை