பெயரில்லாத பெட்டியில் வரும் பிளாக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைபாஸில் ராத்திரி ரேஸ் ஓட்டிய பசங்களின் வண்டிகளைப் போலீஸ் பறிமுதல் செய்த செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. சைலன்சர்களைக் கழற்றி ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோலர் ஏற்றி நசுக்கும் படமும் கூடவே வரும். நல்லதுதான். சைலன்சர் சத்தம் போடுகிறது, எல்லோர் காதிலும் விழுகிறது, மாட்டிக்கொள்கிறது. சத்தமே போடாமல் என்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் பிளாக்கைப் பற்றி, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரைப் பற்றி, மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ரீபோரிங் பட்டறை. அப்பா காலத்தில் ஆரம்பித்தது. மெக்கானிக்குகள் தேய்ந்துபோன பிளாக்கைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். போர் போட்டு (உள்வட்டத்தைக் குடைந்து அகலமாக்கி), ஹோனிங் அடித்து (அதை நைசாகத் தேய்த்து), அடுத்த சைஸ் பிஸ்டனுக்குச் சரியாகப் பொருத்திக் கொடுப்போம். கொஞ்ச காலமாகப் பழைய பிளாக்கோடு புது பிளாக்கும் நிறைய வருகிறது, சிலது பெட்டி கூடப் பிரிக்காமல். புது பிளாக்குக்கு ரீபோரிங் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் விஷயமே.

யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றைக்கும் எங்கள் ஊரில் அதற்கு இருக்கிற மவுசு, ஷோரூமில் நிற்கும் பல புது வண்டிகளுக்குக் கிடையாது. இதன் பிளாக்கை 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு சைஸ் வரைக்கும் போர் போடலாம். அதற்கு மேல் போனால் லைனர் (உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்) மாற்ற வேண்டும். நல்ல நிலையில் ஒரிஜினல் பிளாக் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் சொல்கிற விலை தலையைச் சுற்ற வைக்கும். பசங்க என்ன செய்வார்கள்? மொபைலில் தேடுகிறார்கள். 'இந்தோனேசியா பிளாக்' என்று ஒன்று வருகிறது. அங்கே ஓடிய ஆர்எக்ஸ் கிங் வண்டி 132 சிசி. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 50 மி.மீ., போர் (உள் விட்டம்) மட்டும் 50-க்குப் பதில் 58. கேஸிங் (பிளாக் உட்காரும் கீழ்ப்பெட்டி) வாயைக் கொஞ்சம் குடைந்தால் நம் வண்டியிலும் உட்கார்ந்துவிடும். 'ரேசிங்', 'செராமிக் கோட்டிங்' என்றெல்லாம் பெட்டியில் பளபளவென்று அச்சடித்திருக்கும். ஒரிஜினல் விலையில் கால்வாசி கூட இருக்காது. வாங்கிவிடுகிறார்கள்.

அப்படி வாங்கிய ஒரு பிளாக்கை ஒரு கல்லூரி மாணவன் போன மாதம் என்னிடம் கொண்டுவந்தான். கேஸிங் குடைய வேண்டும், அவ்வளவுதான், மற்றபடி ரெடி என்றான். பிளாக்கைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் ஒரு காந்தத்தை வைத்தேன். படக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியச் சுவர் மேல் பூச்சு பூசிய பிளாக்காக இருந்தால் காந்தம் அப்படிப் பிடிக்காது. உள்ளே இருந்தது சாதாரண வார்ப்பிரும்பு லைனர். வார்ப்பிரும்பு லைனர் ஒன்றும் மட்டமான பொருள் இல்லை, ஆர்எக்ஸ் 100-க்கு அதுவே போதும். ஆனால் பெட்டியில் செராமிக் என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம் போர் கேஜ் (உள் விட்டம் அளக்கும் கருவி) விட்டுப் பார்த்தேன். மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் வட்டம் 0.01 மி.மீ.க்கு மேல் கோணக் கூடாது. இது ஒரு பக்கம் 58.03, அதற்குக் குறுக்கே 58.09. ஆறு மடங்கு கோணல், அதுவும் ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத பிளாக்கில்! சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகையில் வைத்து டயல் கேஜ் ஓட்டினால் அடிப்பக்கமும் போருக்குச் செங்குத்தாக இல்லை. டார்ச் அடித்து போர்ட்டுகளை (பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் துளைகளை) பார்த்தேன். லைனரில் வெட்டிய ஜன்னலும் அலுமினியத்தில் இருக்கும் வழியும் ஒன்றோடொன்று சேரவில்லை, இடையில் படிக்கட்டு மாதிரி நிற்கிறது. இடது போர்ட்டும் வலது போர்ட்டும் ஒரே உயரத்தில் இல்லை. போர்ட் ஓரங்களை மழுக்கவே இல்லை, விரலை வைத்தால் கீறுகிறது. விரலைக் கீறும் ஓரம் பிஸ்டன் ரிங்கைச் சும்மா விடுமா? நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது ரிங் அந்த ஜன்னலைத் தாண்டி எத்தனை முறை ஏறி இறங்கும் என்று பாருங்கள். ஒரு முறை மாட்டினால் போதும், ரிங் துண்டாகி, பிஸ்டன் தலையும் அதற்கு மேலே மூடியாக இருக்கும் ஹெட்டும் கொத்துப்பட்டுப் போகும்.

இதெல்லாம் அளந்தால் தெரிகிற குறை. அளந்தும் தெரியாத குறை வார்ப்பில் இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு ஃபவுண்டரி பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே குழி விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் கோர் கொஞ்சம் நகர்ந்தால் சுவர் ஒரு பக்கம் தடிமனாகவும் மறு பக்கம் மெலிந்தும் போகும். குளிர்ந்திருக்கும்போது போர் வட்டமாகத்தான் இருக்கும், சூடு ஏறினால் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். வார்த்தவுடன் இரும்புக்குள் ஓர் இறுக்கம் நிற்கும். எங்கள் ஊரின் பழைய ஃபவுண்டரிகளில் மெஷின் பெட் வார்த்தால் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளியே போட்டு வைப்பார்கள், அந்த இறுக்கம் தளர்ந்த பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். இப்போது சூளையில் வைத்தே அதைத் தளர்த்திவிடலாம். மலிவு பிளாக்கில் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது என் அனுமானம். நான் மைக்ரான் கணக்கில் சரிசெய்து அனுப்பிய புது பிளாக் கொஞ்ச நாளில் மறுபடி கோணிக்கொண்டு வருவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ரோட்டில் இது என்ன செய்யும்? டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ஜாம் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நொடி கூட இல்லை. நீலாம்பூர் பைபாஸில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயம். சரி. ஓட்டுபவனைக் கீழே தள்ளுகிற பொருளின் பெட்டியில் முத்திரையும் இல்லை, செய்தவன் பேரும் இல்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. தைவானிலிருந்து வந்த பிளாக்குகளை அளந்து பார்த்து அசந்திருக்கிறேன். இத்தாலியில் பேர் போன சிலிண்டர் கம்பெனிகள் இருக்கின்றன. நம் சென்னை செம்பியத்தில் பிஸ்டன் வார்க்கிறவர்களும் எவருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இவர்கள் எல்லோருமே தங்கள் பேரைப் போட்டுத்தான் விற்கிறார்கள். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ரேஸுக்குப் போகும் வண்டிகளுக்கும் நான் வேலை செய்திருக்கிறேன். அந்தப் பசங்க பெட்டியில் போட்டிருப்பதை ஒருநாளும் நம்ப மாட்டார்கள். பிளாக் வந்ததும் நேராக அளக்க வந்துவிடுவார்கள், சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரோட்டில் ஓட்டுகிற பையனுக்கு யார் அளந்து கொடுப்பது?

ஆர்எக்ஸ் 100-இல் 132 சிசி பிளாக்கை மாட்டுவதே சட்டப்படி தப்பு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது; 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நானே பசங்களிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன். கேஸிங் குடையும் வேலையை நான் எடுப்பதில்லை. ஆனால் இதே சரக்கு ரேஸ் பசங்களோடு நிற்கவில்லையே. ஸ்டாண்டர்ட் சைஸிலும் வருகிறது. பால் ஊற்றுகிறவரின் ஸ்பிளெண்டருக்கும் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற தம்பியின் பழைய பல்சருக்கும் மெக்கானிக் அதைத்தான் மாட்டுகிறார், நானூறு ஐநூறு மிச்சம் என்று. அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. புகை தள்ளிக்கொண்டு சீக்கிரமே திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான்.

திரும்பக் கேட்டால் விற்பவர்களிடம் ரெடியாக ஒரே பதில்தான்: ரன்னிங் இன் (புது என்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) சரியாகச் செய்யவில்லை, ஆயில் கம்மியாக ஊற்றியிருக்கிறீர்கள். அந்த மாணவனுக்கும் ஆன்லைன் கடையில் அதே பதில்தான் வந்தது, வண்டியில் மாட்டாத பிளாக்குக்கு!

நான் கேட்பது புதிதாக ஒரு சட்டம் இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இறக்குமதிப் பெட்டி என்றால் இறக்குமதியாளரின் பேர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அதன் மேல் இருந்தே ஆக வேண்டும். ஆன்லைனில் விற்பவர்கள் எந்த நாட்டுச் சரக்கு என்பதைக் காட்ட வேண்டும் என்று 2020 விதிகளும் சொல்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டில் விலை இல்லை என்றால் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவு, ஒரு நாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பக்கமும் எட்டிப் பார்க்கட்டும். பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தாலே போதும், போர் கேஜ் தேவையில்லை. வார்ப்பையே சோதிக்க வேண்டும் என்றாலும் கோவையில் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை.

வாங்குகிறவர்களுக்கும் என் சக மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 86-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், அதனால் வரும் கேட்டுக்கு விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பேரில்லாத பெட்டி விற்கிற கடைக்காரருக்கு இது தெரியுமோ என்னவோ, பில் கேட்டால் மட்டும் உடனே முகம் மாறிவிடுகிறது. "ஜிஎஸ்டி சேர்ந்துடும், பரவாயில்லையா?" என்கிறார். சேரட்டும், கொடுத்துவிடுங்கள். கடைப் பேரும் தேதியும் போட்ட அந்தப் பில் கையில் இருந்தால்தான் நுகர்வோர் ஆணையத்தின் படி ஏற முடியும்.

இப்படிக்கு,
ரீபோரிங் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.