மாத்திரையைக் கொடுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ டெல்டா கிராமங்களில் நன்றாகவே வேர்பிடித்துவிட்டது. பிரஷர், சுகர் மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் பாடு குறைந்திருக்கிறது. ஆனால், வீடு தேடி வரும் பெண் தன்னார்வலரை வெறும் மாத்திரை கொண்டுவருகிறவராக ஆக்கிவிட்டோம். கொடுத்த கணக்கைக் கேட்கிற அளவுக்கு விழுங்கிய கணக்கை யாரும் கேட்பதில்லை.

தினம் ஒன்று வீதம் போன மாதம் 30 கொடுத்து, இந்த மாதம் 12 மிச்சம் இருந்தால் அவர் 18 நாள்தான் சாப்பிட்டிருக்கிறார். “அத்தை, பழைய அட்டைய எடுத்துட்டு வாங்க” என்று கேட்டால் தெரிந்துபோகும். மிச்சத்துக்குக் காரணம் எப்போதும் மறதி இல்லை. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். “கால்ல நீர் கோத்துக்கிட்டு” என்று தாமே நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்வோரும் உண்டு. இது தெரியாமல் பிரஷர் 160 என்று மட்டும் எழுதி அனுப்பினால், சாப்பிடாத மருந்தின் மேல் இன்னொரு மருந்து ஏறும்.

நடவுக் காலத்தில் சுகர் மாத்திரை வேறு விதமாகப் படுத்தும். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, நீராகாரத்தோடு ஆறு மணிக்குச் சேற்றில் இறங்குகிறவருக்குப் பத்து, பதினொரு மணி வாக்கில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். வெயில் மயக்கம் என்று வரப்பில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். உண்மையில் ரத்தத்தில் சுகர் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது; வேண்டியது சர்க்கரை. நினைவு இருந்தால் 3 டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை, தெளிந்ததும் சோறு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த வீட்டில் எந்த மாத்திரை என்று தன்னார்வலருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பாலிதீன் தாளில் மடித்த சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போகச் சொல்ல அவரால்தான் முடியும்.

பாதத்தைப் பார்ப்பதும் விட்டுப்போகிறது. அறுத்த நெல்தாளும் நத்தை ஓடும் குத்துகிற வயலில், சுகரால் உணர்ச்சி மரத்த பாதம் காயத்தைச் சொல்லாது. இதற்குக் கருவி வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு வினாடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அப்படியே விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மொத்தம் 2 நிமிட வேலை.

பிரஷர் பார்ப்பதிலும் அவசரம். திண்ணையில் கால் தொங்க, பேசிக்கொண்டே, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் எண் கூடத்தான் காட்டும். 5 நிமிடம் சும்மா உட்காரவைத்து, பாதம் தரையில் பட, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். மாங்காய், வெல்லம் தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் குத்தினால் சுகரும் பொய் சொல்லும்.

இவ்வளவையும் பகல் பதினொரு மணிக்குப் பூட்டிய வீட்டில் செய்ய முடியாது. குறுவை, சம்பா நடவு மாதங்களில் தன்னார்வலரின் வேலை நேரத்தை விடிகாலைக்கும் மாலை நாலு மணிக்கு மேலும் மாற்றித் தர வேண்டும். தெருத் தெருவாக நடக்கிறவருக்குப் போக்குவரத்துச் செலவும் தர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வெண்ணாறு, கொள்ளிடக் கரையோரக் குடியிருப்புகள் துண்டிக்கப்படுவது புதிதல்ல. அந்த ஊர்களுக்கு மட்டுமாவது அக்டோபர் முதல் வாரத்திலேயே 2 மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் இப்போதே உத்தரவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருத்துறைப்பூண்டி.