சேகரின் கால்கள்

அன்புள்ள முருகேசு,

நாங்கள் நலம். கடிதமே போடுவதில்லை என்று நீ ஏசத் தொடங்கும் முன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: நம் தளபதி சேகருக்கு இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை. சிரிக்காதே, இந்த முறை அது நடிப்பு இல்லை.

நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுகிறான். வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது. வயதாகிறது என்றான் அவன், சோம்பல் என்றாள் வள்ளி. நரம்பியல் மருத்துவர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டியபோது கால் அசையவேயில்லை. பிறகு அவர் தன் கையை எதிர்த்துக் காலைப் பத்து விநாடி பலமாக நீட்டச் சொல்லி, உடனே மீண்டும் தட்டினார், கால் துள்ளியது. அப்போதே அவருக்கு ஐயம் வந்துவிட்டது. லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்று இரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது.

1956இலேயே விவரிக்கப்பட்ட நோய் இது. நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் வாயில்களை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே தாக்குவதால், தசையை இயக்கும் அசிடைல்கோலின் போதிய அளவு சுரப்பதில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது அதற்கு அடுத்த செய்திதான். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எங்கோ ஒரு புற்றுநோய் இருக்கிறது, பெரும்பாலும் புகைப்பவர்களுக்கு வரும் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய். அந்தப் புற்றணுக்களிலும் அதே கால்சியம் வாயில்கள் இருப்பதால், கட்டியை எதிர்க்கப் புறப்பட்ட படை நரம்பையும் சேர்த்து அடிக்கிறது. கட்டி கண்ணுக்குத் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே கால் தளர்ந்துவிடுவதும் உண்டு.

இதே வகையில் இன்னொன்றையும் படித்தேன். மனநோய் என்று கருதப்பட்ட இளம்பெண்கள் சிலருக்கு உண்மையில் மூளையழற்சி இருந்ததையும், சினைப்பையில் இருந்த டெரட்டோமா என்னும் கட்டி அதைத் தூண்டியதையும் 2007இல் ஹோசெப் டால்மாவ் குழுவினர் எடுத்துக்காட்டினர். அக்கட்டிக்குள் நரம்புத் திசுவே வளர்ந்திருக்கும். கட்டியை அகற்றி, எதிர்ப்பாற்றலையும் அடக்கினால் பலர் தேறிவிடுகிறார்கள். எல்லா வகையும் இப்படி இரக்கம் காட்டுவதில்லை. சிறுமூளை அணுக்கள் அழிந்துபோகும் வகையில், கட்டியை எடுத்த பிறகும் நடை திரும்புவது அரிது. அந்த வகையில் பார்த்தால் சேகர் கொடுத்துவைத்தவன்தான். நரம்புச் சமிக்ஞையை வலுப்படுத்தும் மாத்திரையே அவனுக்கு ஓரளவு உதவுகிறது.

சிக்கல் இதுதான். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், வழக்குத் தள்ளுபடியானதைப் போல நடந்துகொள்கிறான். கட்டி மிகச் சிறியதாக இருக்கலாம், சில மாதங்களுக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகளாவது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கியும், “தேடித் தேடி நோயை வரவழைப்பார்கள்” என்கிறான். சிகரெட்டை விட்டுவிட்டதாகவும் சொல்கிறான். அவன் சட்டைப்பையை அறிந்த நீ இதை நம்புவாயா?

அவனிடம் நான் வாதாடினால் அது சண்டையில்தான் முடியும். அவன் மறுக்காமல் கேட்பது உன் பேச்சை மட்டுமே. ஆகவே இந்த வாரமே அவனை அழைத்து, அடுத்த ஸ்கேனுக்கு நீயும் உடன் வருவதாகச் சொல். புற்றுநோய் என்ற சொல்லை முதலில் எடுக்காதே, காலைப் பற்றிக் கேள், மற்றதை அவனே சொல்வான். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
பாலு